வெயிலில் இளம் ஊதா, டியூப் லைட்டில் நீலம்: கண்ணாடி மணி நிறம் மாறுவது ஏன்?

ஆன்லைனில் இளம் ஊதா நிறத்தில் ஒரு கண்ணாடி மணிமாலையை ஆர்டர் செய்திருந்தார் அக்கா. பார்சல் வந்தபோது இரவு எட்டு மணி. ஹாலில் டியூப் லைட் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தால், மாலை பளிச்சென்று நீலத்தில் இருந்தது. "போட்டோவுல ஒண்ணு, கையில ஒண்ணா?" என்று கொதித்துப்போனார். ஒற்றை ஸ்டார் கொடுத்து, 'ஏமாற்று வேலை' என்று ரிவ்யூவும் டைப் செய்து வைத்துவிட்டார். அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை, ரிட்டர்ன் போடுவதற்குப் படம் எடுக்க மொட்டை மாடிக்குப் போனவர் அங்கிருந்தே கத்தினார்: "டேய், இங்க வந்து பாரு!" வெயிலில் அதே மாலை, போட்டோவில் பார்த்த அதே இளம் ஊதாவில் இருந்தது.

விற்றவர் ஏமாற்றவில்லை. அப்போ என்னதான் நடந்தது?

மணிக்குள் என்ன இருக்கிறது?

இந்த வகைக் கண்ணாடியை உருக்கும்போது நியோடிமியம் என்ற அருமண் தனிமத்தின் ஆக்சைடைச் சேர்க்கிறார்கள். பெயர் புதிதாகத் தோன்றினாலும், நம் ஹெட்போன்களில் இருக்கும் சக்திவாய்ந்த காந்தங்களில் இருப்பதும் இதே நியோடிமியம்தான்.

1885-ல் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் வோன் வெல்ஸ்பாக் இதைக் கண்டறிந்தார். அதுவரை 'டிடிமியம்' என்ற ஒரே தனிமமாக நினைத்திருந்த பொருளை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று பிரசியோடிமியம், மற்றொன்று நியோடிமியம். கிரேக்கத்தில் இதற்கு 'புதிய இரட்டை' என்று பொருள்.

1920-களில் இன்றைய செக் குடியரசின் கார்லோவி வாரி நகரில் கண்ணாடித் தொழில் நடத்திய லியோ மோசர், அருமண் தனிமங்களைக் கொண்டு நிறக் கண்ணாடிகள் செய்யத் தொடங்கினார். நிறம் மாறும் கண்ணாடி அப்படித்தான் பிரபலமானது. கண்ணாடி மணிகளுக்குப் பெயர்போன யாப்லோனெட்ஸ் பகுதியும் அதே நாட்டில்தான் இருக்கிறது.

நிறம் எப்படி மாறுகிறது?

நியோடிமியத்தை ஒரு சல்லடை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒளி உள்ளே போகும்போது மஞ்சள் நிறத்தை, அதாவது சுமார் 580 முதல் 590 நானோமீட்டர் அலைநீளத்தை, அது இறுக்கமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். மற்ற நிறங்களில் பெரும்பகுதியை வெளியே விட்டுவிடும்.

சூரிய ஒளியில் எல்லா நிறங்களும் தொடர்ச்சியாக இருக்கின்றன. அதில் மஞ்சள் போனாலும் ஒருபக்கம் நீலமும் மறுபக்கம் சிவப்பும் தாராளமாக மிஞ்சும். இரண்டும் சேர, நம் கண்ணுக்கு இளம் ஊதா தெரிகிறது. பழைய குண்டு பல்பில் சிவப்பு இன்னும் அதிகம் என்பதால், மணியில் லேசாக ரோஸ் சாயலும் வரும்.

டியூப் லைட் வெளிச்சமும் நமக்கு வெள்ளையாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த வெள்ளை, சில நிறங்களை மட்டும் தூக்கலாக வைத்துச் சேர்த்த கலவை. அதில் அடர் சிவப்பு மிகக் குறைவு. மஞ்சளை மணி விழுங்கிவிட்ட பிறகு, ஊதாவாகத் தெரிவதற்கு வேண்டிய சிவப்பு போதவில்லை. மிச்சமிருப்பதில் நீலம் ஜெயித்துவிடுகிறது.

எல்.இ.டி. பல்பில்? அது பல்புக்குப் பல்பு மாறும். உள்ளே பூசப்பட்ட ஒளிர்பொருளைப் பொறுத்து, ஒன்றில் ஊதாவாகவும் இன்னொன்றில் சற்று நீலமாகவும் தெரியலாம்.

வீட்டிலேயே பார்க்கலாமா?

பழைய சி.டி. ஒன்று போதும். அதன் பளபளப்பான பக்கத்தில் டியூப் லைட்டோ சி.எஃப்.எல். பல்போ பிரதிபலிக்கும்படி சாய்த்துப் பாருங்கள். நிறங்கள் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியும். குண்டு பல்பில் அதே நிறங்கள் இடைவெளி இல்லாமல் வானவில் போல ஓடும். சூரியனை மட்டும் இப்படிப் பார்க்க வேண்டாம், கண்ணுக்கு ஆபத்து.

அழகுக்கு மட்டும்தானா?

இல்லை. தீச்சுடரில் கண்ணாடியை உருக்கி வேலை செய்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. கண்ணாடியில் இருக்கும் சோடியம், சூடானதும் கண்ணைக் கூசவைக்கும் மஞ்சள் ஒளியை வீசும். அதன் அலைநீளம் சுமார் 589 நானோமீட்டர். நியோடிமியம் சரியாக அந்த இடத்தைத்தான் மறைக்கும். அதனால்தான் டிடிமியம் கலந்த கண்ணாடிகளைப் போட்டுக்கொண்டு அவர்கள் வேலை பார்க்கிறார்கள்.

எல்லா 'நிறம் மாறும்' மணியும் ஒன்றா?

சாய்த்துத் திருப்பினால் நிறம் மாறுகிறதா? அது மேலே பூசிய மெல்லிய படலத்தின் வேலை. வெயிலில் வைத்தால் மெதுவாக நிறம் ஏறி, உள்ளே கொண்டுவந்ததும் மெதுவாக மங்குகிறதா? அது புற ஊதாக் கதிரால் மாறும் சாயம் சேர்த்த பிளாஸ்டிக் மணியாக இருக்கும். நியோடிமியம் கண்ணாடி அப்படி நேரம் எடுக்காது. லைட்டை மாற்றிய நொடியே நிறமும் மாறும்.

எங்கே உஷாராக இருக்க வேண்டும்?

'அலெக்சாண்ட்ரைட்' என்ற பெயர் வரும்போது. இது 1830-களில் ரஷ்யாவின் யூரல் மலைப்பகுதியில் கிடைத்த, பின்னாளில் சக்கரவர்த்தியான இரண்டாம் அலெக்சாண்டரின் பெயரைத் தாங்கிய அரிய ரத்தினம். இலங்கையிலும் கிடைக்கிறது. பகலில் பச்சை, குண்டு பல்பு வெளிச்சத்தில் சிவப்பு என்பதுதான் அதன் குணம். அந்த நிறமாற்றத்துக்குக் காரணம் குரோமியம்.

நியோடிமியம் கண்ணாடியும் சந்தையில் 'அலெக்சாண்ட்ரைட் கண்ணாடி' என்று விற்கப்படுகிறது. கண்ணாடி என்று சொல்லி, கண்ணாடி விலைக்கு விற்றால் தப்பே இல்லை. ஊதாவும் நீலமுமாக மாறும் ஒன்றைக் காட்டி 'ஒரிஜினல் கல்' என்று ரத்தின விலை சொன்னால்தான் பிரச்சினை. நிறம் மாறும் செயற்கைக் கற்களும் இருப்பதால், கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழைக் கேளுங்கள்.

மணி விற்பவர்களும் வெயிலில் ஒன்று, டியூப் லைட்டில் ஒன்று என இரண்டு படம் போட்டுவிட்டால் பாதிச் சண்டை குறையும். பட்டுப்புடவையைக் கடை வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடை விளக்கு காட்டுவதை மட்டும் நம்பி அவர்கள் நிறத்தை முடிவு செய்வதில்லை.

அக்கா அந்த ரிவ்யூவை அழித்துவிட்டார். மாலையை மட்டும் திருப்பி அனுப்பவில்லை.