துப்பாக்கிக் குழலில் எண் பொறிக்கும் முறைகள்

கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றின் கரையில் அமைந்துள்ள இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்பெற்ற பழைய லீ-என்ஃபீல்டு ரைபிள் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் கண்ணில் முதலிற்படுவது அதன் எழுத்துகளே. அது 1947-ஆம் ஆண்டிற்கு முற்பட்டதாயின் ஒரு கிரீடமும், மன்னர் ஜார்ஜைக் குறிக்கும் ஜி. ஆர். ஐ. என்னும் எழுத்துகளும் காணப்படும். குடியரசுக் காலத்ததாயின் அசோகச் சிங்கங்களும், ஆர். எஃப். ஐ. என்னும் எழுத்துகளும் அவ்விடத்தில் இருக்கும். இவற்றினும் முக்கியமானது துப்பாக்கியின் எண். அவ்வெண் உடற்பகுதியில் மட்டுமன்றிக் குழலிலும், குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டிலும் திரும்பத் திரும்பப் பொறிக்கப்பட்டிருக்கும். குழலும் போல்ட்டும் ஒன்றுக்கொன்று அளவு பார்த்துப் பொருத்தப்பட்டவை. வேறொரு துப்பாக்கியின் போல்ட்டை மாட்டினால் இடைவெளி மிகுந்து, வெடிக்கும் வேளையில் தோட்டாவின் உறை கிழிந்துபோகக்கூடும். ஆகவே எண் பொருந்துகிறதா என்று பார்ப்பது படைக்கலப் பணியாளருக்குப் பாதுகாப்புச் சோதனையாகவும் இருந்தது.

எஃகில் எழுத்துப் பொறிப்பது எளிய வேலை என்றே தோன்றும். ஆயினும் துப்பாக்கிக் குழலைப் பொறுத்தமட்டில் இரண்டு தேவைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. தேய்ந்தும் துருவேறியும் அழியாதிருக்க எழுத்து ஆழமாக இருத்தல் வேண்டும். அதே சமயம், குழலின் வலிமையையும் உட்புறத்தின் நேர்மையையும் அது கெடுத்துவிடலாகாது. ரைபிள் சுடப்படும்பொழுது குழலின் பின்பகுதியில் சதுர சென்டிமீட்டருக்கு மூவாயிரம் கிலோகிராமுக்கும் மேற்பட்ட அழுத்தம் எழுகின்றது. அத்தகைய அழுத்தத்தைத் தாங்கும் சுவரில், கூர்மையான அடியுடைய பள்ளம் ஒன்று இருப்பின், தகைவு முழுவதும் அங்கே திரண்டு நிற்கும். விரிசல் தோன்றுவதற்கு உரிய இடம் அதுவே. இதனாலேயே குறிகள் குழலின் தடித்த பின்பகுதியில் இடப்பெறுகின்றன. எழுத்தின் அடிப்பகுதியும் சற்று உருண்டையாக இருக்குமாறு பார்த்துக்கொள்ளப்படுகின்றது.

மிகப் பழைய முறை பஞ்ச்சும் சுத்தியலும் கொண்டு அடிப்பதாகும். கடினமாக்கிய எஃகுத் துண்டின் முனையில் எழுத்து இடவலமாக மாறிப் புடைத்து நிற்கும். குழலை ‘வி’ வடிவத் தாங்குகட்டையில் அசையாமல் வைத்து, பஞ்ச்சைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரே அடியில் எழுத்தைப் பதித்தல் வேண்டும். இரண்டாம் அடி கொடுத்தால் எழுத்து இரட்டையாக விழும். குழலின் புறம் வளைந்திருப்பதால் தட்டையான எழுத்தின் நடுப்பகுதி ஆழமாகவும் ஓரங்கள் மேலோட்டமாகவும் பதிவது இம்முறையின் குறை. லீ-என்ஃபீல்டு குழலின் பின்பகுதியில் ‘நாக்ஸ் ஃபார்ம்’ என்று வழங்கும் தட்டையான முகம் ஒன்று உண்டு. பொறிப்போருக்கு அது வசதியான இடமாயிற்று. மற்றொரு தொல்லை உள்ளே நேர்வது. பலமாக அடித்தால் வெளியே பள்ளம் விழுவதோடு, அதற்கு நேர் உள்ளே நுண்ணிய மேடு ஒன்றும் எழலாம். ஆகையால் ஆழமான குறிகளை முதலில் அடித்துவிட்டு, உட்புறத்தை ரீமர் கொண்டு இறுதியாகச் சீர்செய்வதே அறிவுடைமை.

பெருந்தொகையாகச் செய்யும் ஆலைகளில் உருட்டுப் பதிப்பு முறை வழங்குகின்றது. இதில் ஒரு வரி முழுவதும் ஒரே அச்சில் வெட்டப்பட்டிருக்கும். குழலை அவ்வச்சின்மீது அழுத்தி உருட்டுவர். எந்த ஒரு கணத்திலும் மெல்லிய கோடளவான பரப்பே அச்சைத் தொடுவதால், சிறிய விசையே போதுமானது. வளைந்த பரப்பில் எழுத்துகள் யாவும் ஒரே ஆழத்தில் அமையும். கையால் அடித்த வரியில் காணப்படும் ஏற்றத்தாழ்வு இதில் இராது. எண் மட்டும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறுவதால், எண் சக்கரங்கள் பொருத்திய தனி அச்சு அதற்குத் தேவை.

உலோகத்தை அழுத்தாமல் வெட்டியெடுப்பது மற்றொரு வகை. 1603-ஆம் ஆண்டில் கிறிஸ்டோஃப் ஷைனர் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் படங்களைச் சிறிதாக்கவும் பெரிதாக்கவும் கண்டமைத்த ‘பேண்டோகிராஃப்’ என்னும் இணைகரச் சட்டமே இதற்கு அடிப்படை. ஒரு முனை பெரிய வார்ப்பெழுத்தின் பள்ளத்தைத் தொடர்ந்து செல்ல, மறுமுனையில் வேகமாகச் சுழலும் கூரிய கட்டர் அதே எழுத்தைச் சிறிய அளவில் எஃகில் வெட்டிச் செல்லும். கையின் சிறு நடுக்கமும் அதே விகிதத்தில் குறைந்துவிடுவது இதன் சிறப்பு. இன்று கணிப்பொறி இச்சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது; கட்டர் மட்டும் பழைய கட்டரே.

மின்வேதியியல் முறையில் எழுத்து வடிவில் துளையிட்ட தாளின் வழியே உப்புக் கரைசலும் குறைந்த அழுத்த மின்சாரமும் செலுத்தப்படுகின்றன. குழல் நேர்மின்வாயாக அமைந்து எழுத்துள்ள இடத்தில் மட்டும் கரைகின்றது. அடியும் அழுத்தமும் இல்லாததால் மெல்லிய குழலுக்கு இது ஏற்றது. ஆயினும் பள்ளம் ஆழமற்றது. லேசர் முறை இந்நாளில் பரவலாகிவிட்டது. ஒளிக்கற்றை உலோகத்தை உருக்கி ஆவியாக்கிச் சில விநாடிகளில் எண்ணை எழுதிவிடுகின்றது. நீலமேற்றிய குழலின்மீது இதைச் செய்தால் பூச்சு நீங்கி, எழுத்தினுள் துரு ஏற வழி உண்டாகும்.

வேகமும் செலவும் மட்டுமே கருதினால் லேசரே முதலிடம் பெறும். ஆனால் எண் பொறிப்பதன் நோக்கம் படிப்பது மட்டுமன்று. எவரேனும் அதை அராவி அழித்துவிட்ட பின்னரும் மீட்க முடியுமா என்பதும் கருதத்தக்கது. பஞ்ச் பதியும் இடத்தில் உலோகம் அகற்றப்படுவதில்லை, நசுக்கப்படுகின்றது. கண்ணுக்குத் தெரியும் பள்ளத்திற்குக் கீழேயும் எஃகின் நுண்படிகங்கள் சிதைந்து நெருங்கிக் கிடக்கும். பள்ளம் முழுவதும் தேய்க்கப்பட்டாலும் இச்சிதைவு எஞ்சி நிற்கும். வெட்டிய எழுத்தின் அடியிலோ, லேசர் எழுதிய எழுத்தின் அடியிலோ பாதிப்புற்ற அடுக்கு மிக மெல்லியது. ஆகவே அவற்றை மீட்பது கடினம். பாத்திரக் கடைகளில் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டும் அதிரூசியைப் பலர் கண்டிருப்பர். அதையொத்த, ஆனால் வலிமை மிக்க புள்ளிக் குத்து இயந்திரம் கணிப்பொறியின் வேகத்தையும் பஞ்ச்சின் அடியையும் ஒருங்கே தருகின்றது. எண்ணுக்கு இம்முறையோ அச்சுப் பதிப்போ ஏற்றது. ஆலையின் பெயருக்கும் அலங்காரத்துக்கும் எம்முறையாயினும் குற்றமில்லை.

இந்திய ஆயுதச் சட்டம், 1959, இதன் எட்டாம் பிரிவு துப்பாக்கியிலுள்ள பெயரையோ எண்ணையோ அழிப்பதையும் மாற்றுவதையும் தடைசெய்கின்றது. எண் அழிக்கப்பட்ட துப்பாக்கியை வைத்திருப்பவர், மாறாக நிரூபிக்கப்படும் வரை, தாமே அழித்தவராகக் கொள்ளப்படுவார். அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டு முதல் தொடர் எண் குறைந்தது 0.003 அங்குல ஆழமும், 1/16 அங்குல உயரமும் பெற்றிருத்தல் வேண்டும் என்பது விதி. அவ்வாழம் ஏறத்தாழ ஒரு தலைமயிரின் தடிப்பே. 2005-ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற தடங்காணும் ஏற்பாடு, பொறிக்கும் முறையை அந்தந்த நாட்டின் விருப்பத்திற்கு விட்டுவிட்டு, குறி இயன்றவரை மீட்கத்தக்கதாயும் இருத்தல் வேண்டும் என்கின்றது. உடற்பகுதியோடு குழலிலும் குறியிடுவதை ஊக்குவிக்கின்றது. குழலை மட்டும் கழற்றி மாற்றிவிடுவது எளிது என்பதை நினைத்தால் இதன் பொருத்தம் விளங்கும்.

அழிந்த எண்ணை மீட்கும் தடயவியல் நிபுணர் முதலில் அவ்விடத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றுகிறார். பின்னர், எஃகில் நசுங்கிய பகுதிகளைக் காட்ட ஜெர்மானிய உலோகவியலார் ஃப்ரை வகுத்த, செப்புக் குளோரைடும் ஹைடிரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பஞ்சில் தோய்த்து மெல்லத் துடைக்கிறார். சிதைந்த படிகங்கள் மற்றவற்றினின்றும் வேறான வேகத்தில் கரைவதால், எண் நிழல்போல் தோன்றும். சில வேளைகளில் சில நொடிகளே நின்று மறையும். அதனால் நிழற்படக் கருவி முன்னரே ஆயத்தமாக நிற்றல் வேண்டும். குழலைக் காந்தமாக்கி எண்ணெயில் கலந்த இரும்புத் தூளைத் தூவுவது இன்னொரு வழி. இது உலோகத்தைச் சற்றும் கரைக்காததால், அமிலத்திற்கு முன் இதைச் செய்து பார்ப்பது வழக்கம்.

அமெரிக்க தேசியத் தர நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் 2015-ஆம் ஆண்டில், துருப்பிடிக்கா எஃகுத் தகட்டில் ‘எக்ஸ்’ எழுத்துகளை அடித்து, அவை மறையும்வரை மெருகேற்றி, எலெக்ட்ரான் கற்றை படிகங்களிற் பட்டுச் சிதறும் விதத்தைக் கொண்டு மீண்டும் அவற்றைக் கண்டனர். எட்டு எழுத்துகளைப் படிக்க மூன்று நாட்கள் ஆயின. அதை ஒரு மணி நேரமளவிற்குக் குறைக்க இயலும் என்று அவர்கள் அப்பொழுது எதிர்பார்த்தனர்.