கட்டங்களில் ஒரு போர்க்களம்

சதுரங்கத்தில் குதிரை ‘ட’ வடிவில் தாவுகிறது. உண்மைக் குதிரை எதுவும் அப்படித் தாவாது. ஆனாலும் நாம் யாரும் சண்டைக்குப் போவதில்லை. விதி என்றால் விதிதான். ஆனால் சிறு பொம்மை வீரர்களை வைத்து, உண்மைப் போர்க்களத்தைப் போலவே நடக்கும் ஓர் ஆட்டம் ஆட வேண்டுமானால்? அப்போது ஒவ்வொரு விதிக்கும் காரணம் சொல்லியாக வேண்டும்.

1780-இல் ஜெர்மனியின் பிரவுன்ஸ்விக் நகரில் ஹெல்விக் என்ற கணித ஆசிரியர் இதை முயன்றார். சதுரங்கப் பலகையை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்களாகப் பெருக்கினார். ‘காலயந்திரம்’ கதை எழுதிய எச். ஜி. வெல்ஸ் 1913-இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ நூலில் கட்டங்களே இல்லை. காலாட்படை ஓர் அடி, குதிரைப்படை இரண்டு அடி என்று தரையில் அளந்து நகர்த்தச் சொன்னார். அளந்து ஆடினால் “அரை அங்குலம் கூடிவிட்டது” என்ற தகராறு வரும். கட்டம் போட்டால் அது தீரும். ஆனால் வேறொரு தொல்லை முளைக்கும்.

கிராப் தாளை எடுங்கள். ஒரு வீரன் நேராக 4 கட்டம் நடக்கிறான். இன்னொருவன் மூலைவாட்டில் 4 கட்டம் நடக்கிறான். பிதாகரஸ் தேற்றப்படி இரண்டாமவன் கடந்த தூரம் 4 × 1.414, அதாவது 5.66 கட்டம். குறுக்கே போகிறவனுக்கு 41 சதவீதம் இனாம்! மூலைவாட்டில் போகவே கூடாது என்றால் அவனுக்கு நஷ்டம். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. முதல் மூலை நகர்வுக்கு 1, அடுத்ததற்கு 2, மறுபடி 1, பிறகு 2 என்று எண்ணுங்கள். சராசரி 1.5. நான்கு நகர்வுக்கு 6. உண்மைத் தூரம் 5.66.

அறுகோணக் கட்டம் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். தேன்கூடு போன்ற அந்த அமைப்பில் ஆறு அண்டைக் கட்டங்களின் மையங்களும் சம தூரத்தில் உள்ளன. ஆயினும் எல்லாத் திசையிலும் அது நியாயமல்ல. இரு அறுகோணங்களுக்கு இடையிலுள்ள விளிம்பின் திசையில் போகிறவன் 1.73 கட்டத் தூரத்துக்கு 2 நகர்வு செலவழிக்கிறான். பிழை 15 சதவீதம். நம் 1–2 முறையில் மிக அதிகமான பிழையே சுமார் 12 சதவீதம்தான். வரைவதற்கும் சதுரமே சுலபம்.

இனி சண்டை. 1415 அக்டோபர் 25 அன்று பிரான்சின் அஜின்கோர்ட்டில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். இருபுறமும் காடு, நடுவே மழையில் நனைந்த உழுத வயல். கவசமணிந்த பிரெஞ்சு வீரர்கள் பெரும்பாலும் நடந்தே சேற்றில் முன்னேறினார்கள். எதிரே ஆங்கில வில்லாளிகள்.

ஒரு கட்டம் 10 மீட்டர் என்போம். வில்லாளியும் கவச வீரனும் 8 கட்டத் தொலைவில். ஒரு சுற்றில் வில்லாளி ஒரு பகடை உருட்டுவான். 4, 5, 6 விழுந்தால் அம்பு பட்டது. (ஓர் உருட்டல் ஓர் அம்பு அல்ல, அந்தச் சுற்றில் எய்த அத்தனை அம்புகளும்.) உடனே கவச வீரன் உருட்டுவான், 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் கவசம் காத்தது. ஆகவே ஒரு சுற்றில் அவன் வீழும் நிகழ்தகவு 1/2 × 1/3 = 1/6.

உலர்ந்த நிலத்தில் சுற்றுக்கு 2 கட்டம் நடந்தால் 4 சுற்று. தப்பிக்கும் வாய்ப்பு 5/6-ஐ நான்கு முறை பெருக்கியது: 0.48. சேற்றில் சுற்றுக்கு 1 கட்டம்தான், 8 சுற்று. தப்பிக்கும் வாய்ப்பு 0.23 ஆகிவிடுகிறது! வில்லையும் கவசத்தையும் நாம் தொடவே இல்லை. வேகத்தை மட்டுமே பாதியாக்கினோம்.

இப்படி ஆடினால் கவச வீரனுக்கு ஆடுகிறவன் இரண்டாம் நாளே விளையாட வரமாட்டான். பகடையைத் திருத்தாதீர்கள், ஆள் எண்ணிக்கையைத் திருத்துங்கள். பிரெஞ்சுப் படைதானே பெரிது? ஒரு வில்லாளிக்கு இரண்டு கவச வீரர் என்று வையுங்கள். சேற்றின் 8 சுற்றில் இருவரையும் வீழ்த்த வில்லாளிக்கு உள்ள வாய்ப்பு 0.40. ஒருவனாவது வந்து சேர 0.60. வந்துவிட்டால் கனத்த கவசமில்லாத வில்லாளியின் பாடு திண்டாட்டம்தான்.

அம்புகள் தகட்டுக் கவசத்தை எவ்வளவு தூரம் துளைத்தன என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. எனவே ‘3 அல்லது அதற்கு மேல்’ என்பது நம் ஊகம்தான். அதை ‘2 அல்லது அதற்கு மேல்’ என்று மாற்றி, 8 சுற்றுக் கணக்கை மறுபடி போடுங்கள். ஒற்றை வீரனுக்குக்கூட ஏறக்குறைய சரிபாதி வாய்ப்பு வரும்.

உங்களுக்கு ஒரு கணக்கு: எட்டுக் கட்டங்களில் நடுவிலுள்ள நான்கு மட்டும் சேறு. முதல் விதிப்படி, தனியே நடக்கும் கவச வீரன் வந்து சேரும் வாய்ப்பு எவ்வளவு?