தர்பூசணியும் முடக்குவாதமும்

தர்பூசணிச் சாற்றிலிருந்து 1914-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். அப்பழத்தின் தாவரப் பெயரையொட்டிப் பின்னர் அது சிட்ருலின் எனப் பெயர்பெற்றது. நம் உடலிலும் அது உண்டாகிறது. புரதத்தின் உறுப்புகளுள் ஒன்றான ஆர்ஜினினை ஒருவகை நொதி சிட்ருலினாக மாற்றுகிறது. மாறியதும் அவ்வுறுப்பு தன் மின்னேற்றத்தை இழக்கிறது. புரதத்தின் வடிவமும் நெகிழக்கூடும்.

இம்மாற்றம் இயல்பாகவே தீயதன்று. தோல் ஈரம் காப்பதற்கு இது வேண்டும். ஆனால் சிலருடைய உடற்காவல், இவ்வாறு மாறிய புரதத்தைப் பகையென்று கருதி எதிர்ப்பொருள்களைப் படைக்கிறது. மூட்டுகளை வீங்கச்செய்து, காலை வேளையில் விரல்களை மடக்கவொட்டாது வருத்தும் முடக்குவாத நோயாளர் பலரிடம் காணப்படுவது இதுவே.

நோய் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இவ்வெதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் இருக்கக்கூடும். அவற்றைக் கண்டறியும் சோதனை இன்று உண்டு. புகைபிடித்தல் நுரையீரலில் இம்மாற்றத்தை மிகுவிக்கிறது. ஈறுகளைக் கெடுக்கும் கிருமி ஒன்றும் இவ்வேலையைச் செய்யவல்லது.

ஆதலின் நான் வேண்டுவது இதுதான்: விரல் மூட்டுகள் வாரக்கணக்கில் வீங்கியிருந்தால், வயதின் கோளாறென்று வாளாவிராது மருத்துவரை நாடுங்கள். சிதைந்த மூட்டை மருந்து மீட்டுத் தருவதில்லை. சிதைவைத் தடுக்கும் மருந்துகளோ இருக்கின்றன.