வாசல் இல்லாத வீட்டுக்கு வந்த ரயில்!

உங்கள் அட்லஸைக் கொஞ்சம் எடுத்து வாருங்கள். ஆப்பிரிக்கா பக்கத்தைத் திருப்புங்கள். தெற்குப் பகுதியின் நடுவில், இறக்கை விரித்த பட்டாம்பூச்சி மாதிரி ஒரு நாடு தெரிகிறதா? அதுதான் ஜாம்பியா. அதைச் சுற்றி எத்தனை நாடுகள் இருக்கின்றன என்று விரல் வைத்து எண்ணுங்கள். எட்டு! சரி, கடல் எங்கே? எந்தப் பக்கமும் இல்லை.

தெருவாசல் இல்லாத வீட்டை நினைத்துப் பாருங்கள். கடைக்குப் போக வேண்டுமானாலும், பள்ளிக்கூடம் போக வேண்டுமானாலும் பக்கத்து வீட்டுக் கொல்லை வழியாகத்தான் போகவேண்டும். அந்த வீட்டுக்காரரோடு சண்டை வந்துவிட்டால்? ஜாம்பியாவுக்கு அதுதான் நடந்தது.

செம்பு இருந்தது, வழி இல்லை!

ஜாம்பியாவின் பூமிக்கடியில் ஏராளமான செம்பு இருக்கிறது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 24 அன்று அந்த நாடு பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. கென்னத் கவுண்டா முதல் அதிபரானார். அப்போது ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செம்பிலிருந்துதான் வந்தது. அந்தச் செம்பு, தெற்கே இருந்த ரோடீசியா வழியாக ரயிலில் போய்த்தான் கப்பல் ஏறியது. இன்றைய ஜிம்பாப்வேதான் அன்றைய ரோடீசியா.

1965ஆம் ஆண்டு ரோடீசியாவில் சிறுபான்மை வெள்ளையர்கள், "இனி நாங்கள் தனி நாடு, ஆட்சி எங்களுடையதே" என்று அறிவித்தார்கள். பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்கு உரிமை இல்லாத அந்த ஆட்சியைக் கவுண்டா எதிர்த்தார். உடனே வந்தது ஆபத்து! ரோடீசியா வழியாக வந்த பெட்ரோல் நின்றது. வடகிழக்கே தான்சானியாவுக்குப் போகும் மண் சாலையில், எண்ணெய்ப் பீப்பாய்களையும் செம்பையும் சுமந்துகொண்டு லாரிகள் ஓடின. மழைக்காலத்தில் அந்தச் சாலை சேற்றுக்குளமாகிவிடும். லாரி ஓட்டுநர்கள் அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'நரக ஓட்டம்'!

வாத்தியார் அதிபர்!

தான்சானியாவின் அதிபர் ஜூலியஸ் நியரேரே. அவரும் என்னைப் போலப் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான். அந்நாட்டு மக்கள் அவரை 'முவாலிமு' என்றே அழைத்தார்கள். ஸ்வாஹிலி மொழியில் 'ஆசிரியர்' என்று பொருள். நியரேரேயும் கவுண்டாவும் ஒரு ரயில் பாதை போட விரும்பினார்கள். ஜாம்பியாவின் கபிரி ம்போஷியிலிருந்து தான்சானியாவின் துறைமுகமான டார் எஸ் சலாம் வரை. தூரம் 1,860 கி.மீ. அடேங்கப்பா!

அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? மேலை நாடுகளைக் கேட்டார்கள். உலக வங்கி கணக்குப் போட்டுப் பார்த்து, "இதில் லாபம் வராது" என்று சொல்லிவிட்டது. அப்போது "நாங்கள் கட்டித் தருகிறோம்" என்று முன்வந்தது சீனா.

இதில் ஒரு வியப்பு உண்டு. அன்றைய சீனாவே ஏழை நாடு! ஆனாலும் 98 கோடியே 80 லட்சம் யுவான் பணத்தை வட்டியில்லாக் கடனாகத் தந்தது. 1967ஆம் ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. 1970இல் வேலை தொடங்கியது. சீனாவிலிருந்து தொழிலாளர்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் அவர்களோடு சேர்ந்து உழைத்தார்கள். மலையைக் குடைந்து சுரங்கப்பாதைகள், ஆறுகள் மேல் சுமார் 300 பாலங்கள், யானையும் ஒட்டகச்சிவிங்கியும் உலவும் காட்டு வழி! வேலையின்போது உயிரிழந்த சீனர்கள் பலரின் கல்லறைகள் டார் எஸ் சலாம் அருகே இன்றும் உள்ளன.

1975இல் தண்டவாளம் போட்டு முடிந்தது. 1976இல் பாதை இரு நாடுகளிடமும் ஒப்படைக்கப்பட்டது. மக்கள் அதை 'உகுரு ரயில்' என்றார்கள். உகுரு என்றால் விடுதலை.

அமெரிக்கா சும்மா இருந்ததா?

இல்லை. அதே காலத்தில், ஏறக்குறைய அதே வழியில், தார்ச்சாலை போட அமெரிக்கா நிதி தந்தது. இத்தாலிய நிறுவனம் எண்ணெய்க் குழாய் பதித்தது. ஒருவர் ரயில் பாதை, ஒருவர் சாலை, ஒருவர் குழாய்!

இந்தக் கதையை என் பேத்தியிடம் சொன்னபோது அவள் சட்டென்று கேட்டாள்: "ஏன் தாத்தா, யாராவது சும்மா ரயில் போட்டுக் குடுப்பாங்களா?"

நல்ல கேள்வி அல்லவா? அன்று சீனாவுக்கு அமெரிக்காவோடும் பகை, சோவியத் யூனியனோடும் பகை. ஐ.நா. சபையில் இடமும் இல்லை. அதற்கு நண்பர்கள் தேவைப்பட்டார்கள். 1971ஆம் ஆண்டு ஐ.நா.வில் சீனாவுக்கு இடம் கிடைத்தபோது, ஆதரித்து வாக்களித்த நாடுகளில் தான்சானியாவும் ஜாம்பியாவும் இருந்தன. பணம் மட்டும் லாபம் இல்லை. நட்பும் வாக்கும்கூட லாபம்தான்! சாலைக்குக் காசு தந்த அமெரிக்காவும் அதைத்தான் விரும்பியது.

ரயில் களைத்துப் போனது!

ஆண்டுக்கு 20 லட்சம் டன் சரக்கு ஏற்றலாம் என்று திட்டமிட்ட பாதை அது. அந்த அளவை அது எட்டவே இல்லை. ரயில் இன்ஜின்கள் பழுதாகின. மழை வெள்ளம் பாதையை அரித்தது. 1980இல் ஜிம்பாப்வே விடுதலை பெற்றதும் தெற்கு வழிகளும் மீண்டும் பயன்பட்டன. கட்டுவதைவிடப் பராமரிப்பது கடினம், குழந்தைகளே! புதுச் சைக்கிள் வாங்கிவிட்டு எண்ணெய் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது மறுபடியும் போட்டி!

செல்போன், மின்சார கார் இவற்றின் பேட்டரிகளில் கோபால்ட் என்ற உலோகம் பயன்படுகிறது. மின்கம்பிகளுக்குச் செம்பு தேவை. ஜாம்பியாவிலும் அதன் அண்டை நாடான காங்கோவிலும் செம்பு மிகுதி. உலகின் கோபால்ட்டில் பாதிக்கும் மேல் காங்கோவிலிருந்துதான் வருகிறது. அதனால்தான் பெரிய நாடுகளின் பார்வை மீண்டும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது.

இம்முறை மேற்குப் பக்கம் பாருங்கள். அங்கோலாவில் அட்லாண்டிக் கடலோரம் லோபிட்டோ துறைமுகம் உள்ளது. அங்கிருந்து காங்கோ எல்லை வரை போகும் பழைய ரயில் பாதை, 1975 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போரில் நாசமானது. அதைப் புதிதாகப் போட்டுக் கொடுத்ததும் சீன நிறுவனம்தான். ஆனால் 2022இல், அந்தப் பாதையை 30 ஆண்டுகள் நடத்தும் உரிமை ஐரோப்பிய நிறுவனங்கள் அடங்கிய குழுவுக்குக் கிடைத்தது. 2023இல் நம் டெல்லியில் ஜி-20 மாநாடு நடந்தபோது, இந்தப் பாதையை ஜாம்பியா வரை நீட்ட உதவுவதாக அமெரிக்காவும் ஐரோப்பிய யூனியனும் அறிவித்தன. 2024 டிசம்பரில் அன்றைய அமெரிக்க அதிபர் ஜோ பைடன் லோபிட்டோவுக்கே நேரில் போனார்!

சீனா விடுமா? பழைய உகுரு ரயில் பாதையை 140 கோடி டாலர் செலவில் புதுப்பித்து நடத்த, 2025இல் சீன நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் போட்டது. ஆக, கிழக்கே ஒருவர், மேற்கே ஒருவர். நடுவில் ஜாம்பியா!

நல்லதா, கெட்டதா?

ஊரில் ஒரே ஒரு கடை இருந்தால் அவர் சொன்னதுதான் விலை. இரண்டு கடை இருந்தால் பேரம் பேசலாம். அந்த வகையில் இந்தப் போட்டி ஜாம்பியாவுக்கு நல்லது.

ஆனால் கடன் என்று ஒன்று இருக்கிறதே! ஜாம்பியா சீனாவிடமும் வாங்கியிருந்தது. மேலை நாட்டு முதலீட்டாளர்களிடமும் வாங்கியிருந்தது. 2020 நவம்பரில் தவணை கட்ட முடியாமல் திணறிப்போனது. கடனைத் திருப்பித் தருவதற்காகச் செலவாகும் பணம் எங்கிருந்து வரும்? பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் போகவேண்டிய பணத்திலிருந்துதான். இதில் பாதிக்கப்படுவது உங்களைப் போன்ற பிள்ளைகள்.

ஆகவே, யாராவது பெரிய பாலமோ துறைமுகமோ கட்டித் தருவதாகச் செய்தி படித்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். கடனை யார் கட்டுவார்? கட்டிய பிறகு யார் நடத்துவார்? பழுதானால் சரிசெய்ய உள்ளூர் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்தார்களா? பதில் தெரிந்தால், அது உதவியா, வியாபாரமா என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

முடிக்கும் முன் ஒரு சுவையான செய்தி. கிழக்குப் பாதை, மேற்குப் பாதை இரண்டிலும் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் ஒன்றுதான்: 1,067 மில்லிமீட்டர்! ஒரு காலத்தில் நம் ஊரெல்லாம் ஓடிய மீட்டர்கேஜைவிடக் கொஞ்சமே அதிகம். 2019இல் ஒரு சுற்றுலா ரயில் டார் எஸ் சலாமில் புறப்பட்டு, ஜாம்பியா, காங்கோ வழியாக லோபிட்டோ வரை போய்ச் சேர்ந்தது. ஒரு கடலில் கிளம்பி மறுகடலைத் தொட்ட ரயில்!

அட்லஸை இன்னும் மூடவில்லையே? அந்த ரயில் போன வழியைப் பென்சிலால் மெல்ல வரைந்து பாருங்கள். வாசல் இல்லாத வீட்டுக்கு இரண்டு வாசல் கிடைத்திருப்பது தெரியும். அவற்றின் சாவி யார் கையில் இருக்கும் என்பதுதான் இனி ஜாம்பியா கவனிக்க வேண்டிய விஷயம்.