எஞ்சினுக்குக் காற்றை ஊதினால் பலம் கூடுவது ஏன்?

பெரார்கஞ்ச் வழியே போகும் அந்தமான் டிரங்க் சாலையில் ஏற்றம் வந்தால், காருக்கு இன்னும் கொஞ்சம் இழுவை இருந்தால் தேவலை என்று தோன்றும். இழுவை பெட்ரோலிலிருந்து வருகிறது என்பீர்கள். பாதிதான் சரி. பெட்ரோலை எவ்வளவும் தெளிக்கலாம், எரிக்கக் காற்று வேண்டுமே! விறகடுப்பில் ஊதாங்குழல் செய்யும் வேலையை எஞ்சினில் சூப்பர்சார்ஜர் செய்கிறது. எஞ்சின் சுழற்சியிலிருந்தே பெல்ட் மூலம் ஓடி, காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. சாதாரண எஞ்சின் பிஸ்டன் இறங்கும்போது தானே உறிஞ்சுவதோடு சரி. அதில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டை மாற்றிப் பலம் கூட்டினால், கிடைப்பது கொஞ்சம். அதுவும் பெரும்பாலும் மேல் சுற்றில்தான்.

அப்படியானால் ஊதிவிடுவதே மேல் அல்லவா? அமுக்கிய காற்று சூடாகும். சூடு மிஞ்சினால் கலவை ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறி பரவும்வரை பொறுக்காமல் தானே வெடிக்கும். 'டக்டக்' என்று கேட்கும் அந்த நாக்கிங் நீடித்தால் பிஸ்டனே உடையும். 2017-இல் வந்த மாருதி பலேனோ ஆர்எஸ் 998 சிசி எஞ்சினில் சுமார் 101 குதிரைத்திறன் தந்ததே, 1.2 லிட்டர் பலேனோ 83-தானே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அது புகைவாயுவால் சுழலும் டர்போ. அந்த அழுத்தத்துக்கென்றே வடிவமைத்த எஞ்சின். பழைய எஞ்சினில் சூப்பர்சார்ஜர் கிட் வாங்கி மாட்டுவது வேறு கதை. அதன் உதிரிபாகம் கப்பலேறி வர வேண்டும். வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் குறுக்கே நிற்கும். தினமும் ஓடும் வண்டிக்கு ஃபில்டர், பிளக், வால்வு இடைவெளியைச் சரிசெய்து இழந்த பலத்தை மீட்பதே என் தேர்வு. அதற்கும் மேல் வேண்டுமென்றால், தொழிற்சாலையிலேயே டர்போவோடு வந்த வண்டியை வாங்குங்கள்.