ஸ்கேனில் தெரியாத களைப்பு

2021 ஜூன் 12. அபுதாபியில் பாகிஸ்தான் சூப்பர் லீக் கிரிக்கெட் ஆட்டம். பவுண்டரியைத் தடுக்கப் பாய்ந்த ஃபாஃப் டு பிளெஸ்ஸியின் தலை, அதே பந்தை நோக்கி ஓடிவந்த சக வீரர் முகமது ஹஸ்னைனின் முழங்காலில் மோதியது. கன்கஷன், அதாவது மூளை அதிர்வு. கொஞ்சம் நினைவும் தப்பியிருந்தது. பாதிப்பு விடாமல் நீடித்ததால் அந்தக் கோடையில் இங்கிலாந்தின் ‘தி ஹண்ட்ரட்’ தொடரை அவர் விட்டுவிட நேர்ந்தது. ஆகஸ்ட் கடைசியில் கரீபியன் லீக்கில்தான் மறுபடி மட்டையெடுத்தார். அக்டோபர் 15 அன்று துபாயில் ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தில் 59 பந்துகளில் 86 ரன் குவித்துச் சென்னை சூப்பர் கிங்ஸுக்குக் கோப்பை வாங்கித் தந்தபோது, சேப்பாக்கம் ரசிகர்களில் பலருக்கு அந்த ஜூன் மாதத்து அடி நினைவில்கூட இல்லை.

உடலைப் பேணுவதே தொழிலாக உள்ளவர், கூடவே மருத்துவக் குழு. அவருக்கே இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. மழைநாளில் டி.டி.கே. சாலையில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தவருக்கு நாம் எத்தனை நாள் தருகிறோம்? “ஸ்கேன் நார்மல்தானே, அப்புறம் என்ன?” என்ற கேள்வி மூன்றாம் நாளே வீட்டில் எழுந்துவிடுகிறது. அவரோ பகலில் சோர்ந்து சாய்கிறார், இரவில் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார். தலையில் அடிபட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஏதாவது ஒரு தூக்கச் சிக்கல் வருகிறது. இது சோம்பலும் அல்ல, பயமும் அல்ல. மண்டைக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் இவ்வளவோடு தப்பித்ததே ஆச்சரியம் என்று தோன்றும்.

மூளையின் எடை சுமார் 1,400 கிராம். ஆனால் அது தன் எடையை உணர்வதில்லை. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் சுமார் 150 மில்லி திரவத்தில் அது மிதக்கிறது. மிதப்பதால் அதன் எடை வெறும் 50 கிராம் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அன்றாடக் குலுக்கல்களுக்கு இந்த ஏற்பாடு போதும். திடீரென்று தலை சுழன்று நிற்கும்போதுதான் போதாமல் போகிறது. மண்டையோடு நின்றுவிடும், உள்ளே மூளை ஒரு கணம் முறுக்கிக்கொள்ளும். நரம்பணுக்களை இணைக்கும் மெல்லிய இழைகள் அந்த முறுக்கில் இழுபடுகின்றன. ஹெல்மெட் மண்டை உடையாமல் காக்கும், உயிரைக் காக்கும். உள்ளே நடக்கும் இந்த முறுக்கலை முழுக்கத் தடுக்க அதனால் முடியாது.

இழை அறுவது குறைவு. இழுபடுவதே பெரிய சிக்கல். நரம்பணு ஒவ்வொன்றும் பொட்டாசியத்தை உள்ளேயும் சோடியத்தை வெளியேயும் பிரித்து வைத்துத்தான் வேலை செய்கிறது. இழுபட்டதும் சவ்வு கசிகிறது. பொட்டாசியம் வெளியே ஓடுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது. அதைச் சரிசெய்ய அணுக்களின் சவ்விலுள்ள நுண்ணிய பம்புகள் முழு வேகத்தில் ஓடத் தொடங்குகின்றன. அமைதியான நாட்களிலேயே மூளையின் ஆற்றல் செலவில் ஏறத்தாழப் பாதி இந்தப் பம்புகளுக்குத்தான். அதே நேரத்தில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டமோ குறைகிறது. டிசம்பர் மழையில் தி. நகர் அடுக்ககம் ஒன்றின் கீழ்த்தளத்தில் வெள்ளம் புகுந்து, மோட்டார் நிற்காமல் ஓடவேண்டிய அந்த நேரத்திலேயே வோல்டேஜும் இறங்கிவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் நிலைமை. வெள்ளம் வடிந்த பிறகும் மூளை குறைந்த எரிபொருளிலேயே ஓடுகிறது; விலங்குகளில் செய்த ஆய்வுகளில் இந்தப் பஞ்சம் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை நீண்டது.

ஸ்கேன் நார்மல் என்று வருவது இதனால்தான். சி.டி. படம் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். கசியும் சவ்வை அதனால் பார்க்க முடியாது. டாக்டர் பி. ராமமூர்த்தி 1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியபோது இந்தக் கருவியே உலகில் இல்லை. முதல் நோயாளியை சி.டி.யில் படமெடுத்தது 1971இல், லண்டனில். அந்த இருபது ஆண்டுகளும் மருத்துவர்கள் கண்மணியைப் பார்த்தும், பேச்சைக் கேட்டும், கைகால் அசைவைச் சோதித்தும்தான் முடிவெடுத்தார்கள். மூளை அதிர்வைப் பொறுத்தவரை இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். நோயாளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதே இதில் முக்கியச் சோதனை.

சரி, தூக்கம் ஏன் கெடுகிறது? தூக்கத்தை இரண்டு ஏற்பாடுகள் இணைந்து வரவழைக்கின்றன. மூளை எரிபொருளைச் செலவழிக்கச் செலவழிக்க அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது ஏற ஏறக் கண் சொக்கும். இது முதல் ஏற்பாடு. இரண்டாவது, கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் உயிர்க்கடிகாரம். சுமார் 20,000 நரம்பணுக்கள்தான். உடலின் வெப்பம், பசி, விழிப்பு எல்லாவற்றுக்கும் நேரம் குறிப்பது அந்தச் சிறு கூட்டம். இருட்டியதும் மெலட்டோனின் சுரக்கச் சொல்லி ஆணையிடுவதும் அதுவே.

தலைக்காயம் இந்த இரண்டையும் தொடுகிறது. தலைக்காயம் பட்டவர்களுக்கு மாலை நேர மெலட்டோனின் குறைவாகச் சுரப்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. கடுமையான காயங்களில், விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஓரெக்ஸின் என்ற பொருளும் தண்டுவடத் திரவத்தில் குறைகிறது. இரவுக்கு உரிய தூக்கம் பகலில் வருகிறது, பகலின் விழிப்பு இரவுக்கு நகர்கிறது. சத்தம், கூட்டம், வெளிச்சம் ஆகியவற்றில் வேண்டாததை வடிகட்டுவதும் மூளைக்குச் செலவுதான். ரங்கநாதன் தெருவில் கால்மணி நேரம் நின்று திரும்பியவர் ஒரு நாள் முழுக்க உழைத்ததுபோல் சோர்ந்து போகிறார் என்றால், அவர் மூளை அந்தக் கால்மணியில் உண்மையிலேயே அவ்வளவு உழைத்திருக்கிறது.

“தலையில் அடிபட்டவரைத் தூங்க விடாதே” என்ற பழைய எச்சரிக்கை இன்னும் பல வீடுகளில் வாழ்கிறது. அதற்கு ஒரு காரணம் உண்டு. மண்டைக்குள் ரத்தம் மெல்லக் கசிந்தால் நோயாளி முதலில் தெளிவாகப் பேசிவிட்டுப் பிறகு மயக்கத்தில் ஆழலாம்; தூக்கம் என்று நினைத்து விட்டுவிட்டால் ஆபத்து. ஏறிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, குழறும் பேச்சு, ஒரு பக்கம் கைகால் தளர்தல், இரு கண்மணிகளின் அளவில் வேறுபாடு, எழுப்பினாலும் எழாமை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கும் முதியவர் என்றால் அறிகுறிக்குக் காத்திருக்காமலே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாரா, அந்த இரவு அடிபட்டவரைத் தூங்க விடுங்கள். பழுது பார்க்கும் மூளைக்கு அந்தத் தூக்கம் தேவை.

அடுத்தது இருட்டறை. திரையை இழுத்து மூடி, பேசாமல் படிக்காமல் நாள்கணக்கில் படுத்துக் கிடப்பதே மருந்து என்று நீண்டகாலம் நம்பப்பட்டது. 2015இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இளையோரை இரு குழுவாக்கிச் சோதித்தார்கள். ஐந்து நாள் கடும் ஓய்வில் இருந்தவர்கள், ஓரிரு நாள் மட்டும் ஓய்வெடுத்தவர்களைவிட அதிகத் தொந்தரவுகளைச் சொன்னார்கள். 2019இல் பஃபலோ நகரில் ஜான் லெட்டியின் குழு இன்னொரு படி முன்னே போனது. எந்த இதயத்துடிப்பில் தலைவலி கூடத் தொடங்குகிறது என்று டிரெட்மில்லில் அளந்து, அதற்குச் சற்றுக் கீழான வேகத்தில் தினமும் 20 நிமிடம் பதின்வயதினருக்குப் பயிற்சி கொடுத்தது. அவர்கள் 13 நாளில் தேறினார்கள். வெறும் தசை நீட்டல் பயிற்சி செய்தவர்களுக்கு 17 நாள் ஆனது. முதல் ஒன்றிரண்டு நாள் நிதானமான ஓய்வு, பிறகு தலைவலி கூடாத அளவுக்கு நடை என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டல்.

ஒன்றை மட்டும் அந்த முதல் இரண்டு நாளும் கண்டிப்பாக ஒதுக்கி வைக்கலாம்: மொபைல். 2021இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் 48 மணி நேரம் திரையைத் தவிர்த்த இளையோர் மூன்றரை நாளில் தேறினார்கள். தவிர்க்காதவர்களுக்கு எட்டு நாள். இவ்வளவு எளிய செயலுக்கு இவ்வளவு பெரிய பலன் மருத்துவத்தில் அடிக்கடி கிடைப்பதில்லை.

கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் சாவி காலை வெளிச்சம். விழித்திரையில் காட்சியைப் பார்ப்பதற்கென்று இல்லாமல், வெளிச்சத்தின் அளவை உயிர்க்கடிகாரத்துக்கு அறிவிக்கவே தனி அணுக்கள் இருக்கின்றன. நீல ஒளிக்கு அவை அதிகம் அசைந்து கொடுக்கும். இப்படி ஓர் ஏற்பாடு நம் கண்ணுக்குள் இருப்பதே இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உறுதியானது. மூளை அதிர்வு பட்டவர்களுக்குக் காலையில் 30 நிமிடம் நீல ஒளி ஆறு வாரம் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில், தூங்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னுக்கு வந்தது, பகல் தூக்கக் கலக்கமும் குறைந்தது. சென்னைக்காரருக்கு அந்த விளக்கும் வேண்டாம். நம் வீட்டு ஹாலின் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். மேகம் மூடிய காலையிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். சூரியன் இங்கே ஜூனில் 5.42க்கும் ஜனவரிக் கடைசியில் 6.35க்கும் எழுகிறது, ஆண்டு முழுக்க ஒரு மணி நேரத்துக்கும் குறைவான மாற்றம். லண்டனில் இதே வேறுபாடு மூன்று மணி நேரத்தைத் தாண்டும். லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவிலோ பெசன்ட் நகர்க் கடற்கரையிலோ தினமும் ஒரே நேரத்தில் அரைமணி மெதுவாக நடந்தால் வெளிச்சமும் பயிற்சியும் ஒரே வேளையில் முடியும். வெளிச்சம் கண்ணை உறுத்தும் முதல் சில நாட்களில் மர நிழலும் தொப்பியும் போதும்.

மாலை ஃபில்டர் காபி பற்றிச் சொல்லாமல் முடியாது. அடினோசின் அமரவேண்டிய இருக்கையில் கஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு தீரவில்லை, தெரியாமல் மறைகிறது, அவ்வளவே. நான்கு மணிக்குக் குடித்ததில் பாதி இரவு ஒன்பதுக்கும் உடம்பில் இருக்கும். தேறும்வரை மதியத்துக்கு முன்பே காபியை முடித்துக்கொள்வது நல்லது. பகல் தூக்கம் தேவைப்பட்டால் மூன்று மணிக்குள் இருபது, முப்பது நிமிடம். அதைத் தாண்டினால் இரவுக்கென்று சேர்ந்த அடினோசின் கரைந்துவிடும். படுத்துத் தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டே இருக்காமல் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, கண் சொக்கியதும் திரும்பலாம். 1972இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் முன்வைத்த இந்த முறை, மாத்திரையில்லாத் தூக்கச் சிகிச்சையின் தூண்களில் ஒன்றாக இன்றும் நிற்கிறது. தூக்க மாத்திரையைத் தானாக வாங்கிப் போடுவது இந்தக் காயத்தில் கூடவே கூடாது. ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் சீராகவில்லை என்றால் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். குறட்டையும் மூச்சுத் தடையும் புதிதாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அப்போது அவசியம்.

இந்த ஆய்வுகளிலெல்லாம் என்னை அதிகம் வியக்க வைத்தது சூரிச் நகரிலிருந்து 2015இல் வந்த ஒன்று. தலைக்காயம் பட்டு ஆறு மாதம் ஆனவர்களின் தூக்கத்தைக் கருவி கொண்டு அளந்தார்கள். மற்றவர்கள் ஒரு நாளில் சுமார் 7 மணி நேரம் தூங்க, இவர்கள் 8 மணி நேரத்துக்கு மேல் தூங்கினார்கள். ஆச்சரியம் அதில் இல்லை. தங்கள் தூக்கம் கூடியிருப்பதும், பகலில் தாங்கள் கண்ணயர்வதும் அவர்களுக்கே சரியாகத் தெரிந்திருக்கவில்லை. ஆகவே மருத்துவரிடம் கொண்டுபோகும் தூக்கக் குறிப்பேட்டை அடிபட்டவர் மட்டும் எழுதினால் போதாது. எத்தனை மணிக்குப் படுத்தார், எப்போது எழுந்தார், மதியம் செய்தித்தாளைப் பிடித்தபடியே எவ்வளவு நேரம் அயர்ந்தார் என்பதை வீட்டிலுள்ள இன்னொருவரும் தனியாகக் குறித்து வைக்க வேண்டும். சிகிச்சையை எங்கே தொடங்குவது என்று மருத்துவருக்கு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும்.