இஸ்திரிப் பெட்டி யார் கையில்?

சனிக்கிழமை காலை செம்பவாங் எம்ஆர்டி பக்கம் போனால், மாணவர் படைச் சீருடையில் பிள்ளைகளைப் பார்க்கலாம். அம்மா எடுத்த படம் அதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிருக்கும்!

சீருடை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1938ல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் எத்தனையோ தமிழர்கள் தொழிலாளர்களாக உழைத்தார்கள். இன்று நம் பிள்ளைகள் தேசிய மாணவர் படையின் தரை, கடல், ஆகாயப் பிரிவுகளில் அணிவகுக்கிறார்கள். பெருமைப்படாமல் இருக்க முடியுமா?

1967 முதல் ஆண்பிள்ளைகளுக்குத் தேசிய சேவை கட்டாயம். அதனால், “இப்பவே பழகட்டும்” என்கிறார்கள் அப்பாக்கள். அந்தக் கட்டாயம் இல்லாத மகள்களும் விரும்பிச் சேர்கிறார்கள்.

ஆனால் ஒரு கேள்வி. சீருடைக்கு இஸ்திரி போடுவதும் பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவதும் யார்? அம்மாவா? அந்த வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். முதல் வாரம் மடிப்பு கோணலாக இருக்கும். பயிற்சியில் திட்டும் விழலாம். அடுத்த வாரம் தானாகச் சரியாகும். அவர்கள் அங்கே கற்கப் போவதும் அதைத்தானே?

பதவி உயர்வு கிடைக்காமல் வாடிய முகத்துடன் வீடு திரும்பும் நாளும் வரும். “ஏன் கிடைக்கல?” என்று விசாரிக்காமல், “வா, சாப்பிடு” என்று சொல்லுங்கள். அன்றும் அது நம் பிள்ளைதான்.